மந்திரிக்கு டின் தட்டியவன்

வால்விஸ் பே துறைமுகத்திலிருந்து கப்பலேறும் ஒவ்வொரு மீன் டின்னையும் என் தம்பி தங்கேனி திறந்து பார்த்திருக்கிறான் என்று சொன்னால் அது பொய். திறந்த டின்னை யாரும் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்துத் திறப்பான். அதற்கு அவன் தலையாட்டினால் மற்றவை கப்பலேறும். ஆகவே ஜாம்பியாவிலோ காங்கோவிலோ யாராவது மத்தி மீன் டின்னைத் திறந்து சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வார்களானால், அந்த டின்னின் உடன்பிறப்பை என் உடன்பிறப்பு ருசி பார்த்திருக்கிறான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நானும் அதே தொழிற்சாலையில் மீன் அடுக்குகிறவள். அடுக்குகிறவர்கள் நிறையப் பேர், தலையாட்டுகிறவன் ஒருவன்தான்.

அவன் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு சின்ன எஃகுக் கம்பியால் டின்னின் மூடியைத் தட்டுவான். நல்ல டின் கணீரென்று பதில் சொல்லும். காற்றுப் புகுந்த டின் மந்தமாக முனகும். பிறகு விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலை ஓட்டுவான். அப்புறம்தான் திறப்பான். திறந்ததும் எல்லாவற்றையும் சல்லடையில் கவிழ்த்து, சாறு முழுவதும் இறங்கும்வரை காத்திருந்து, மீதியை எடை போடுவான். கடைசியில்தான் வாய்.

"மீனு மெதக்குற சாறு மீன் ஆகாதுக்கா. தண்ணிய மீன்னு சொல்லி விக்கிறவன் திருடன்" என்பான். இந்தக் கொள்கை தொழிற்சாலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டில் ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்தாலும் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வடித்துவிட்டுத்தான் சாப்பிடுவான். நான் மணிக்கணக்கில் கூட்டி வைத்த குழம்பு தட்டின் அந்தப் பக்கம் அனாதையாகக் கிடக்கும்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அதனால் தங்கேனிக்குப் பெண் கேட்கத் தாய்மாமாவைக் கூட்டிக்கொண்டு நான்தான் போனேன். பெண் லாஹ்யா, முடி திருத்தும் கடையில் வேலை. அவளுடைய அம்மா ஆய்லி துறைமுக வாசலில் மாவுருண்டை பொரித்து விற்கிறவள். மாலுமிகளையே வரிசையில் நிற்க வைக்கிற பெண்மணி.

"உன் தம்பி நல்லவன்தான் ரவுனா. ஊரே சொல்லுது" என்றாள் ஆய்லி அம்மா. "நல்லவனா இருக்குறது ஒரு வேலை. வீட்டுல ஒரு ஜீவனை வச்சு வயிறு வாடாமப் பாத்துக்குறது வேற வேலை."

அப்போது அவள் மடியில் ஒரு ஜீவன் இருந்தது. சாம்பல் நிறப் பூனை. நடந்தால் வயிறு தரையைப் பெருக்கும். பெயர் மந்திரி. எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும், யாருக்கும் எதுவும் செய்யாது என்பதால் அந்தப் பெயர்.

"கம்பு அறுவடைக்கு நானும் லாஹ்யாவும் வடக்க போறோம். மந்திரிய உங்க வீட்டுல விடுறேன். திரும்பி வரும்போது இதே கனத்துல இருந்தா மேற்கொண்டு பேசலாம். இல்லேன்னா பேச ஒண்ணுமில்ல."

"பூனையவா?" என்றார் மாமா.

"பூனையத்தான். உங்க மருமகன் சிங்கம் மேய்ப்பான்னா சொல்லுங்க, அதுக்கும் ஏற்பாடு பண்றேன்."

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மந்திரியை ஒப்படைக்க வந்த அன்று ஆய்லி அம்மா சட்டதிட்டங்களையும் ஒப்படைத்தாள். சென்ற வருடம் மந்திரிக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு உயிர் போகிற நிலை. அதிலிருந்து மாட்டு வைத்தியரின் கண்டிப்பான உத்தரவு, காய்ந்த தீனி கூடவே கூடாது, டின் சாப்பாடு மட்டும்தான். "மீன் தலை போடாதீங்க. உங்க தொழிற்சாலை மீனும் வேணாம். அதுல உப்பு, வெங்காயம் எல்லாம் இருக்கு. வெங்காயம் பூனைக்கு விஷம். இதோ கொஞ்சம் டின் வச்சிருக்கேன், இது அவனுக்குப் புடிக்கும். தீந்துட்டா நல்லதாப் பாத்து வாங்குங்க. அவன் கொஞ்சம் நாசூக்கு."

அவள் போனதும் தங்கேனி கைகளைத் தேய்த்துக்கொண்டான். "டின்னுதானேக்கா? மாடு மேய்க்கச் சொல்லியிருந்தா பயந்திருப்பேன். டின்னு."

அன்று மாலை டின்னை மேசையில் வைத்தான். கம்பியால் மூடியைத் தட்டினான். கணீர். விளிம்பில் கட்டைவிரல். திறந்தான். சல்லடையில் கவிழ்த்தான். சாறு இறங்க இறங்க அவன் முகமும் இறங்கியது.

"பாத்தியா? பாதி சாறு. ஆய்லி அம்மாவ நல்லா ஏமாத்திட்டிருக்காங்க."

ஏமாற்றுச் சாறு வாசலில் டிரம்மில் வளர்ந்த தக்காளிச் செடிக்குப் போனது. நேர்மையான இறைச்சி தட்டுக்குப் போனது. மந்திரி வந்தது, முகர்ந்தது, தட்டை ஒரு சுற்று சுற்றியது. பிறகு முன்னங்காலால் தரையைப் பிறாண்டிப் பிறாண்டி, இல்லாத மண்ணை இழுத்து அந்தச் சாப்பாட்டைப் புதைத்தது. தங்கேனி தலையாட்டிய டின்னை இதுவரை யாரும் அவன் கண் முன்னால் புதைத்ததில்லை.

"சலிச்சுப் போயிருக்கும். ஒரே டின்னைத் தின்னு தின்னு" என்றான். "இத விட நல்லதா நான் கண்டுபுடிக்கிறேன்."

அங்கே ஆரம்பித்தது. தொழிற்சாலை விட்டதும் நேராக நகரத்துக் கடைக்குப் போவான். பூனை உணவு வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு டின்னிலும் பொடி எழுத்தில் இருப்பதை விரல் வைத்துப் படிப்பான். அவன் தேர்வில் குறை சொல்ல முடியாது. முழு உணவு என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் துணை உணவு என்றால் அதில் எல்லாச் சத்தும் இராது, வேண்டாம். சேர்மானத்தில் முதல் பெயர் இறைச்சியாகவோ மீனாகவோ இருக்க வேண்டும், தானியமாக இருக்கக் கூடாது. "'மீன் சுவை'ன்னு போட்டிருந்தா எடுக்காதக்கா. மீன் அந்தப் பக்கமா நடந்து போயிருக்குன்னு அர்த்தம்" என்று எனக்கும் பாடம் நடத்தினான். எங்களிடம் பூனை கிடையாது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

வாங்கி வந்ததை முதலில் அவனே ருசி பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"உப்பு இல்ல, நல்லது. நார் இருக்கு. மணம் சுமார்."

"டேய், நீ மாப்பிள்ளையா, பூனையா?"

"ருசி பாக்காம எப்படிக்கா அடுத்தவங்களுக்குப் போடுறது?"

கோழி வந்தது, சூரை மீன் வந்தது, வாத்து வந்தது, முயல்கூட வந்தது. ஒவ்வொன்றும் தட்டப்பட்டு, தடவப்பட்டு, வடிக்கப்பட்டுத் தட்டுக்குப் போனது. மந்திரி நாலு வாய் கடிக்கும், யோசிக்கும், மீதியைப் புதைக்கும். மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டு ஷிகோங்கோவின் நாய்க்குப் போனது. அந்த நாய் கயிறு மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருளையாகிவிட்டது.

"ரவுனா, உன் தம்பிகிட்ட சொல்லு" என்று வேலிக்கு மேலாக ஷிகோங்கோ கூப்பிட்டான். "நேத்து வாத்து கொஞ்சம் வறட்டுன்னு எங்க நாய் அபிப்பிராயப்படுது. மத்தபடி குறை ஒண்ணும் இல்லியாம்."

மந்திரியின் வயிறு தரையை விட்டு மேலே எழும்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அதற்கு ஆர்வம் இருந்தது. கழுவி ஆணியில் மாட்டிய சல்லடையைத் தாவிப் பிடித்து நக்கும். தங்கேனி அதைத் திரும்பவும் கழுவி இன்னும் உயரமாக மாட்டுவான், சுத்தம் முக்கியம் என்று. அப்புறம் அது போய்த் தக்காளி டிரம்மில் ஏறி ஈர மண்ணை நக்கும். அதற்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது, மண்ணைத் தேடுகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

வடக்கிலிருந்து ஆய்லி அம்மா போன் செய்தாள்.

"மந்திரி எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார் அம்மா" என்றான் தங்கேனி. ஒரு டின்னைப் பற்றிக்கூடப் பொய் சொல்லாதவன், பூனையைப் பற்றிச் சொன்னான்.

"சாப்புடுறானா?"

"நல்ல டின்னாத்தான் வாங்கிப் போடுறேன்."

"நான் அதக் கேக்கல. சரி, போனை அவன் காதுல வை."

வைத்தான். அந்தப் பக்கம் ஆய்லி அம்மா கொஞ்சிய கொஞ்சல் எங்களுக்கே கேட்டது. மந்திரி போனைப் பார்த்தது, தங்கேனியைப் பார்த்தது, வாயைத் திறக்கவில்லை. உண்மையில் அது ஒரு மந்திரிதான்.

"வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போவோம்டா" என்றேன்.

"போனா ஆய்லி அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். வைத்தியர் வீட்டம்மா தினமும் அவங்ககிட்டதான் மாவுருண்டை வாங்குறாங்க."

"பூனை போயிட்டாலும் தெரியும். சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன், அதுக்கு மேல நானே தூக்கிட்டுப் போறேன்."

சனிக்கிழமைக்கு முன்னால் லாஹ்யா வந்துவிட்டாள். கடையில் விடுமுறை முடிந்ததால் அம்மாவுக்கு முன்பே கிளம்பியிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு, ஊர்க் கம்பு மாவு ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தங்கேனி அப்போதுதான் டின்னைச் சல்லடையில் கவிழ்த்திருந்தான்.

"என்ன பண்ணுற?"

"வடிக்கிறேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? சாறு எடையில சேராது."

லாஹ்யா பையைக் கீழே வைத்தாள். "தினமுமா வடிச்ச?"

"ஒரு நாள் விட்டதில்ல" என்றான் பெருமையாக.

அவள் சிரிக்க ஆரம்பித்து, மந்திரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "வைத்தியர் டின்னு குடுக்கச் சொன்னதே அந்தத் தண்ணிக்காகத்தான். அவன் தண்ணி குடிக்க மாட்டான், சோம்பேறி. சாப்பாட்டோட உள்ள போனாத்தான் அடைக்காது. அம்மா சாறோட போட்டு, மேல ரெண்டு கரண்டி வெதுவெதுப்பாத் தண்ணியும் ஊத்துவாங்க. நீ மருந்தைத் தக்காளிக்கு ஊத்திட்டு அவனுக்குச் சக்கையப் போட்டிருக்க."

"அப்படின்னா தண்ணியத்தான் காசு குடுத்து வாங்குறாங்களா?"

"ஆமா."

"எடை?"

"எடைய அவன் மேல பாரு. சல்லடை மேல பாக்காத."

தங்கேனி சல்லடைக்குக் கீழே இருந்த கிண்ணத்தை எடுத்தான். அதைத் தட்டில் ஊற்றுவதற்கு அவன் கை எவ்வளவு தயங்கியது என்று எனக்குத்தான் தெரியும். தொழிற்சாலையில் அது ஆளை வேலையைவிட்டு அனுப்புகிற காரியம். ஊற்றினான், வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்தான். மந்திரி முகர்ந்து பார்க்கக்கூட நிற்கவில்லை. சாறு முழுவதையும் நக்கியது, பிறகு இறைச்சியைத் தின்றது, பிறகு வெறும் தட்டைச் சுவர் வரை தள்ளிக்கொண்டே போய் நக்கியது. அது ஆய்லி அம்மா முதல் நாள் விட்டுப்போன டின்களில் மிஞ்சிய ஒன்று. தங்கேனி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு சல்லடை தொழிற்சாலையில் மட்டும்தான். ஆனால் தட்டுவதை அவன் விடவில்லை. நல்ல டின்னா என்று தெரியாமல் எப்படித் திறப்பது? கணீர் என்றதும் மந்திரி எங்கிருந்தாலும் ஓடி வரும்.

ஆய்லி அம்மா வந்தாள். மந்திரியைத் தூக்கிக் கையில் இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். மாவைக் கையாலேயே நிறுப்பவள்.

"எளைச்சிருக்கான்."

நான் குளிர்காற்றைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கேனி பேசிவிட்டான். "என் தப்புதான் அம்மா. சாறையெல்லாம் வடிச்சுத் தக்காளிக்கு ஊத்திட்டு வெறும் இறைச்சியப் போட்டேன். போன்ல நான் சொன்னதும் பொய்." நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்ததெல்லாம் வீண்.

ஆய்லி அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "தக்காளி எப்படி இருக்கு?"

"நல்லா காய்ச்சிருக்கு அம்மா."

"அப்ப அதையே கல்யாணம் பண்ணிக்க" என்று சொல்லி, பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தங்கேனி அந்த வாரம் வேலையில் எப்போதும்போல் தட்டினான், வடித்தான், நிறுத்தான். ருசி மட்டும் தெரியவில்லை என்று என்னிடம் சொன்னான். தொழிற்சாலையில் சொல்லவில்லை, நல்லவேளை.

பிறகு ஒரு மாலை ஆய்லி அம்மா எங்கள் வாசலில் நின்றாள், மாவு படிந்த ஏப்ரனோடு, இடுப்பில் மந்திரி, கையில் ஒரு டின்.

"ரவுனா, உன் தம்பி இவனை என்ன பண்ணி வச்சிருக்கான்? சாறோட போடுறேன், வெந்நீர் ஊத்துறேன், தட்டையே திரும்பிப் பாக்க மாட்டேங்குறான். திறக்காத டின்னையே பாத்துட்டு உக்காந்திருக்கான்."

பின்னால் வந்த லாஹ்யா சொன்னாள், "தட்டணும்மா. நான்தான் சொன்னேனே."

"தட்டினேன்டி. கரண்டியால தட்டினேன், கத்தியால தட்டினேன். மொகத்தத் திருப்பிக்குறான்."

தங்கேனி சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தான். டின்னை வாங்கி, மூடியின் நடுவில் ஒரு தட்டு. கணீர். ஆய்லி அம்மாவின் இடுப்பிலிருந்து மந்திரி குதித்து அவன் காலடியில் போய் உட்கார்ந்தது. அவன் விளிம்பைத் தடவி, திறந்து, சாறோடு ஊற்றினான். அது தட்டை வழித்து நக்கித் தின்று முடித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஷிகோங்கோவின் நாய் ஒருமுறை பெருமூச்சு விட்டது.

"அந்தக் கம்பியக் குடு" என்றாள் ஆய்லி அம்மா.

"தர்றேன் அம்மா. ஆனா கரண்டிக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. தட்டுறது கைதான்."

ஆய்லி அம்மா காலி தட்டைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், மகளைக் கடைசியாகப் பார்த்தாள்.

"அப்ப கையையும் எடுத்துக்கிட்டு வா. மாமாவையும் கூட்டிட்டு வரச் சொல்லு, ரவுனா. இந்தத் தடவை தொப்பியக் கழட்டி வச்சுட்டு உக்காரச் சொல்லு."

கல்யாணத்துக்கு மாடு வெட்டினோம். என் தம்பி மாப்பிள்ளைக் கோலத்தில் அழகாக இருந்தான். இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? கம்புக் களியும் குழம்பும் அவன் முன்னால் வந்தன. பழக்கத்தில் துண்டுகளைத் தட்டின் ஓரத்துக்குச் சாய்த்து வடிக்க ஆரம்பித்தான். பின்னால் வந்த ஆய்லி அம்மா அகப்பையை எடுத்து, தட்டு நிறையக் குழம்பை ஊற்றிவிட்டு, அவன் சாப்பிடும்வரை அங்கேயே நின்றாள்.