கீழே போன லிப்ட்

அண்ணியின் தூபக்கால் பித்தளையில் செய்தது. கைப்பிடி சூடேறும் என்பதால் பழைய கைலித் துணியைச் சுற்றித்தான் பிடிப்பார். வெள்ளிக்கிழமை மாலையானால் அதில் கொட்டாங்கச்சிக் கரி கனன்று, சாம்பிராணிப் புகை அறை அறையாகப் போய், வாசலைத் தாண்டி, லிப்டுக்கு முன்னால் இருக்கும் நடைக்கு வந்து நிற்கும். வீட்டில் இருக்கும் கெட்டது வெளியே போக வேண்டுமானால் புகையை வாசலோடு நிறுத்தக் கூடாது என்பது அவர் எண்ணம். என் கவலை நடையின் கூரையில் இருந்தது. புகையை மோப்பம் பிடிக்கும் கருவி ஒன்று அங்கே உண்டு. அதில் சாம்பிராணி பட்டால் மணி அடிக்கும். மூன்று லிப்டுகளும் யாரை ஏற்றியிருந்தாலும், எந்த மாடியில் இருந்தாலும், வேறெங்கும் நிற்காமல் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்துகொண்டு நின்றுவிடும். கட்டடக் காவலர் எங்கள் பதினொன்றாம் மாடி வரை படியேறி வந்து பார்த்துவிட்டு, இறங்கிப் போய்ச் சரிசெய்த பிறகுதான் அவை அசையும். ஓராண்டில் இது ஏழு தடவை நடந்தது. காய்கறிப் பையோடு கீழே நின்றவர்கள் எத்தனை தடவை திட்டினார்கள் என்பதை நான் எண்ணவில்லை.

அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் போன பிறகு கெலுகோரில் எங்கள் அடுக்குமாடியில், என் வீட்டுக்கு எதிர்வீட்டில், தனியாக இருந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நான்கு கால் பிடிமானத்தை முன்னால் தள்ளித் தள்ளித்தான் நடப்பார். ஒரு படி இறங்கவும் முடியாது. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருந்த மகன் தரைவீட்டுக்கு வந்துவிடச் சொல்லி வாரம் தவறாமல் கூப்பிட்டான். அண்ணி போகவில்லை. தன் சாவியால் தன் கதவைத் திறக்கும் காலம் இன்னும் முடியவில்லை என்பார். நான் மகன் பக்கம். நெருப்பு என்று வந்தால் லிப்ட் கிடையாது, படி ஒன்றே வழி, மாடிக்குப் பதினெட்டுப் படி என்று அவரைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது தடவைக்குப் பிறகு குடியிருப்போர் கூட்டத்தில் புகார் வந்தது. நிர்வாகி கெட்டவர் அல்லர். யாருடைய மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். ஹோட்டல்களில் குளிக்கும்போது தலையில் மாட்டக் கொடுப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை வெள்ளிக்கிழமை மட்டும் கருவிக்கு மாட்டிவிடலாம் என்றார். ஏழாம் மாதத்தில் சீனர்கள் இறந்தவர்களுக்காகக் காகிதம் எரிக்கும்போதும் அது உதவும் என்று ஒருவர் சேர்த்துக்கொண்டார். கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. அண்ணி மட்டும் ஒப்பவில்லை.

“அது லிப்டோட மூக்கு தம்பி. என் சாமிக்காக அதோட மூக்கப் பொத்தாதீங்க. அப்புறம் ஒருநாள் நெசமாவே நெருப்பு வந்தா, அது தெரியாம ஆளுங்கள ஏத்திக்கிட்டு நேரா நெருப்புக்குள்ள போயி கதவத் திறக்கும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் தூபக்கால் நடைக்கு வரவில்லை. பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தோடு நின்றுவிட்டது. இத்தனை விவரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். லிப்ட் பழுது பார்க்க வருபவருக்கு ஒருநாள் நுரைக்க ஆற்றிய தே தாரிக் போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறார். லிப்டை நம்பி இருப்பவள் நான்தானே, அதன் குணம் எனக்குத் தெரிய வேண்டாமா என்றார்.

நெருப்பு ஒரு சனிக்கிழமை பிற்பகலில் வந்தது. பதினான்காம் மாடியில் ஒரு சமையலறை. எங்கள் லிப்டில் அது 13A. நாலு என்ற எண்ணைச் சீனர்கள் விரும்பமாட்டார்கள். மணி அடித்ததும் வழக்கம்போல் மூன்று லிப்டும் கீழே போயின. இந்த முறை கருகல் வாடையும் வந்தது. எங்கள் மாடியில் இருந்தவர்கள் படியில் இறங்கி ஓடினார்கள். நான் எதிர்வீட்டுக்குப் போனேன். அண்ணி வெளியே வந்து கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். கனத்த தீக்கதவைத் தள்ளிப் படிக்கட்டு முகப்புக்கு அவரைக் கூட்டிவந்தேன். அங்கே புகை இல்லை. காவலரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பதினொன்றில் நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார், பொம்பாவிடம், தீயணைப்புப் படையிடம், சொல்லுங்கள் என்று மூன்று தடவை சொன்னேன்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. என்னைக் கீழே போகச் சொன்னார், நான் போகவில்லை. கதவின் சிறிய கண்ணாடி வழியாக, மூடிக் கிடந்த லிப்ட் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் எதையோ எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“எண்ணாதீங்க தம்பி. அது என்ன, எண்ணுனா வெரசா வருமா?”

“நம்மள விட்டுட்டுப் போயிடுச்சே அண்ணி.”

“விட்டுட்டுப் போகல. ஆளக் கூட்டிட்டு வரப் போயிருக்குலா.”

அவர் குரலில் தைரியம் சொல்லும் தொனி இல்லை. பேருந்து இத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னார். ஆனால் பிடிமானத்தைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். அவருக்கும் பயம் இருந்தது. நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

கீழே பொம்பா வண்டியின் சங்கு கேட்டது. சற்று நேரத்தில் மூன்றில் பெரிய லிப்டின் எண் மாறத் தொடங்கியது. எங்களைத் தாண்டி, நெருப்புக்கு இரண்டு மாடி கீழே, பன்னிரண்டில் நின்று தீயணைப்பு ஆட்களை இறக்கிவிட்டு, எங்களுக்கு வந்தது. கதவு தானாகத் திறக்கவில்லை. உள்ளே இருந்த வீரர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, சிறிது சிறிதாகத் திறந்து, நடையை எட்டிப் பார்த்தார். “மக்சிக் ஓகே?” என்று, அத்தையை விசாரிப்பது போல மலாயில் கேட்டார். அண்ணி தலையசைத்து, பிடிமானத்தை முதலில் உள்ளே தள்ளினார்.

அன்று மாலையே மகன் வந்தான். அம்மாவிடம் ஒன்றும் கேட்காமல் என்னைத் தனியே அழைத்து, “சித்தப்பா, நீங்களே சொல்லுங்க. இதுக்கப்புறமும் அம்மா இங்க இருக்கலாமா?” என்றான். அவன் எதிர்பார்த்த பதிலைப் பல வருடங்களாக நானே சொல்லிவந்திருக்கிறேன். அன்று என்னால் சொல்ல முடியவில்லை. நெருப்பு வந்தால் தன்னை எப்படிக் கூட்டிப்போவார்கள் என்று முழுதாகத் தெரிந்துகொண்டு அங்கே குடியிருந்தவர் எங்கள் கட்டடத்தில் அவர் ஒருவர்தான் என்றேன். மகன் அன்றிரவு தனியாகவே திரும்பிப் போனான். அண்ணி மேலும் நான்கு ஆண்டுகள் அந்த வீட்டில், தன் சாவியோடு, இருந்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

இப்போது என் முழங்கால்களின் முறை. மகள் பட்டர்வொர்த்தில் எனக்கென்று ஒரு தரைவீடு பார்த்திருக்கிறாள். போன வாரம் ஃபெரியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல வீடு, வாசலில் ஒரு படிகூட இல்லை. ஆனால் முன்கதவுக்கு இரும்புக் கிரில், அதற்கு மூன்று பூட்டு. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. பின்கதவிலும் இரண்டு பூட்டு. உள்ளே நெருப்புப் பிடித்தால் யார் வருவார்கள், எந்த வழியாக வருவார்கள் என்று கேட்டேன். மகள் சிரித்து, “அப்பா, தரைவீடுலா, நடந்து வெளிய வந்துடலாம்” என்றாள். ஐந்து சாவிகளையும் கையில் வாங்கி, எது எந்தப் பூட்டுக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இன்னும் அவளுக்குச் சம்மதம் சொல்லவில்லை.