ஆதிச்சநல்லூருக்கு நானே ஓட்டிப் போனேன்

என் கணவர் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டிலும் சின்ன கேஸ் அடுப்பும் பொருத்தினார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இருவரும் ஊர் ஊராகப் போவதாக இருந்தோம். அதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த மாதமே, வேனுக்கு ஆள் பார்த்துவிட்டதாகக் கொழுந்தனார் வந்து சொன்னார். நான் விற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

லைசென்ஸ் வந்த வாரமே நானும் நாத்தனாரும் கிளம்பினோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளாதவள், டீச்சர். ஏரலில் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டுகளை வாங்க வேண்டும், அடுப்புக்குப் புது டியூப் வாங்க வேண்டும், அப்படியே ஆதிச்சநல்லூரையும் பார்க்க வேண்டும். கொழுந்தனார் வேனை மறித்து நின்றார். துக்கம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பொம்பளைகள் தனியாகப் போவதே தப்பு, அதிலும் பிணம் புதைத்த இடத்துக்கா என்று கேட்டார். நான் வண்டியை நகர்த்தினேன். ஒதுங்கிக்கொண்டார்.

ஏரலில் டியூப் கிடைத்தது. ஜாக்கெட்டுக்கு டெய்லர் சாயங்காலம் வரச் சொன்னார். டியூப் விற்ற அண்ணாச்சி வேனுக்குள் எட்டிப் பார்த்து, டிரைவர் எங்கே என்றார். சாவியைக் காட்டினேன்.

ஆதிச்சநல்லூரில் குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். நடந்துகொண்டே, அந்தக் காலத்தில் பிணம் வைத்துப் புதைத்த தாழிகளைக் கீழே பார்க்கலாம். கால் வைக்கப் பயந்து நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. உடைந்த தாழியின் பக்கத்தில் சின்னக் கிண்ணங்கள் கிடந்தன. எவளோ தன் ஆளுக்காக வைத்திருப்பாள், வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்திருப்பாள் என்றேன்.

"அவளையும் ஊரு பேசாமலா இருந்திருக்கும் மதினி" என்றாள் நாத்தனார்.

வெளியே வந்தால் வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததில் பேட்டரி இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கொழுந்தனார் போன் செய்தார். நாத்தனார் விஷயத்தை உளறிவிட்டாள். போனை நான் வாங்கினேன்.

"அங்கனயே இருங்க மதினி. நான் வந்து ஓட்டிட்டு வாரேன்."

"நீங்க வர வேண்டாம் தம்பி. நான் கொண்டுவந்த வண்டி, நானே கொண்டுபோறேன்."

வேலை முடிந்து தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று என்னவென்று விசாரித்தார்கள். "ஏறி உக்காருங்கக்கா, நாங்க தள்ளுதோம்" என்றாள் ஒருத்தி. செகண்ட் கியரில் போட்டு கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்தேன். முதல் தடவை வண்டி குலுங்கி நின்றுவிட்டது. மறுபடி தள்ளினார்கள். உறுமிக்கொண்டு கிளம்பியது. நிப்பாட்டாமல் போகச் சொல்லி அவர்கள் பின்னாலிருந்து கத்த, நாத்தனார் ஓடிவந்து ஏறினாள். நன்றி சொல்ல வழியில்லாமல் ஹாரனை அடித்துக்கொண்டே போனேன்.

ஏரலில் எஞ்சினை அணைக்கப் பயம். நாத்தனார் மட்டும் இறங்கி ஜாக்கெட்டுகளை வாங்கி வந்தாள். நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கு மனசு கேட்கவில்லை. கொற்கைக்குத் திருப்பினேன். ஒரு காலத்தில் முத்து ஏற்றிய துறைமுகம், இப்போது சுற்றிலும் வாழையும் வயலும்தான். ஓரமாக நிறுத்தி, துணிந்து எஞ்சினை அணைத்தேன். புது டியூபை மாட்டி டீ போட்டுக் குடித்தோம். திரும்பச் சாவியைத் திருகும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரே திருகில் பிடித்தது.

வீட்டு வாசலில் கொழுந்தனார் காத்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன் நாத்தனார் சொன்னாள்: "அடுத்த வாரம் வேம்பாருக்குப் போறோம் அண்ணே."

மறுநாள் காலை புது பேட்டரி வாங்கப் போனேன்.