கிதார் வாத்தியாரின் ‘நல்லாருக்கு’

கடைசி மணி அடித்ததும் என் வகுப்பறைக்குள் வந்துவிடுவார் கிதார் வாத்தியார். கரும்பலகையில் நான் வரைந்து வைத்த மழைமேகங்களை அழிக்க மனம் வராமல், ஓரமாக ஆறு கோடுகள் கிழித்து, விரல் வைக்க வேண்டிய இடங்களில் புள்ளி வைப்பார். பதினான்கு பிள்ளைகள் பெஞ்சுகளை இழுத்துப்போட்டு வட்டமாக உட்காருவார்கள். நான் பின்னால் உட்கார்ந்து புவியியல் விடைத்தாள் திருத்துவேன்.

இடது கை நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். வலது கையில், தந்தி மீட்டுவதற்காக, நீளமாக வளர்த்திருப்பார். கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுவார். “நகம் உடைஞ்சா எனக்கு ஒரு மாசம் பொழப்பு போச்சு சார்” என்பார், சிரிக்காமல்.

யார் எப்படி வாசித்தாலும் அவரிடமிருந்து வருவது ஒன்றுதான்: “நல்லாருக்கு. இன்னொரு தடவை.” தந்தி சரியாக அழுந்தாமல் கறகறத்தாலும் நல்லாருக்கு. தாளம் தறிகெட்டு ஓடினாலும் நல்லாருக்கு. எனக்கே உறைக்கிற பிழை அவர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? தாடை மட்டும் ஒரு கணம் இறுகித் தளரும்.

முன்பு அவர் இப்படி இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் இதே அறையில் அவருடைய மகனும் கிதார் கற்றுக்கொண்டான். ஒரே இடத்தில் மூன்றாவது முறையாகத் தடுமாறியவனைப் பார்த்து, எல்லார் முன்னாலும், “அது கையா, உலக்கையா? வச்சிட்டுப் போடா” என்றார். பையன் கிதாரைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு தொடவே இல்லை. படிப்பு முடிந்த கையோடு வேறு ஊருக்குப் போய் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுவான். “அப்பா பக்கத்துலதான் இருக்கார், பேசறியா?” என்று அவள் கேட்டால், “சரிம்மா, வச்சிடறேன்.”

இதை அவரே என்னிடம் சொன்னார். “குரல் கேக்குதுல்ல சார். அது போதும்.”

இந்த வருடம் இசைத் தேர்வுக்குப் போன மூன்று பேரும் தோற்றார்கள். அவர்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்புப் பெண். எதையும் விடாமல் குறித்துக்கொள்வதால் அவளுக்குக் ‘கணக்குப்பிள்ளை’ என்று பெயர். திங்கட்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே, தேர்வாளர் எழுதிய குறிப்போடு வந்து நின்றாள்.

“இடது மணிக்கட்டு மடங்கியே இருக்காம். ஆரம்பத்துலேர்ந்தே தப்பாப் பழகியிருக்கேனாம். உங்களுக்குத் தெரியாதா சார்?”

“தெரியும்மா.”

“அப்ப ஏன் சொல்லல?”

அவர் தரையைப் பார்த்தார். “சொன்னா நீ வராம போயிடுவியோன்னு.”

“ரெண்டு வருஷம் வீணாப்போச்சு சார். நீங்க சொல்லாததாலதான் இப்ப நின்னுடலாம்னு இருக்கேன்.”

குரலை அவள் உயர்த்தவில்லை. நான் விடைத்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவர் ஒரு பெஞ்சை இழுத்து அவளுக்கு எதிரே போட்டார்.

“உக்காரு. வாசி.”

அவள் வாசித்தாள். நாலு வரி போவதற்குள் மணிக்கட்டு மடங்கியது. “நல்லா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவள் வாசித்துக்கொண்டே போனாள். அவர் கையை நீட்டி, உள்ளங்கையைத் தந்திகளின்மேல் அழுத்தி வாசிப்பை நிறுத்தினார்.