அக்காவின் கழுத்து வற்றிய வருடம்

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில், என் அக்காவின் கல்யாணம் தட்டிக்கொண்டே போனதற்குக் காரணம் அவள் கழுத்து. தொண்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, கழுத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தைராய்டு என்றார் டாக்டர். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்.

ஒன்றரை வருடத்தில் வீக்கம் வற்றியது. அம்மா பால்குடம் எடுத்தாள். பசுவந்தனையில் மாப்பிள்ளை அமைந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், அக்கா மாத்திரை டப்பாவைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோகும் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீக்கந்தான் வத்திட்டுதே, இனி எதுக்கு? மாப்பிள்ளை வீட்டுக்காரவிய பாத்தா, சீக்குக்காரியத் தலையில கட்டிட்டாவன்னு சொல்லுவாவ."

"டாக்டர் நிறுத்தச் சொல்லலியேட்டி."

"டாக்டரா ஒன்னைக் கெட்டிக்கப் போறாரு?"

சிரித்துவிட்டாள். டப்பாவை என்னிடமே கொடுத்தாள். குப்பையில் போட்டேன். அம்மாவுக்கும் தெரியும்.

சில மாதங்களில் அக்காவின் முகம் உப்பியது. மாமியார் வீட்டுச் சோறு ஒத்துக்கொண்டது என்று கேலி செய்தோம். சித்திரை வெயிலிலும் குளிருது என்று போர்த்திக்கொண்டு கிடந்தாள். "ஒங்க பிள்ளைக்கு எந்நேரமும் தூக்கந்தான்" என்றார் அவள் மாமியார். வெட்கம் தாங்காமல் நானும் அவளைச் சோம்பேறி என்று ஏசினேன். பாவி நான்.

அந்த மார்கழியில் காய்ச்சலில் படுத்தவள் நினைவு தப்பிப் போனாள். திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லும் தன் காலம் முடிஞ்சதும் தானாச் செத்துரும். அது நல்லதுதான். இவங்களுக்குக் கழுத்துச் சுரப்பியில அந்தச் சாவு முன்னாலயே வந்துருச்சு. நோயை எதிர்க்க வேண்டிய இவங்க ரத்தமே சுரப்பியத் தாக்கி அதைத் தூண்டிவிட்டுருக்கு. வீக்கம் வத்துனது குணமாகி இல்லம்மா, உள்ள இருந்ததெல்லாம் செத்துப்போயி. அந்தச் சுரப்பி செஞ்ச வேலைய மாத்திரைதான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தச் சொன்னது யாரு?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"நாந்தான் ஐயா" என்றாள் அம்மா.

மூன்றாம் நாள் அக்கா செத்துப்போனாள். அம்மா அதன்பிறகு பதினோரு வருடம் இருந்தாள். பிள்ளையைக் கொன்னவ என்று சொந்தக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே சொன்னபோதெல்லாம் நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை.