இரண்டு பொத்தான் வைத்த ஆப்பிள்

ஹில்டாவுக்குக் கம்ப்யூட்டரை வெறும் முகத்தோடு பார்க்கப் பிடிக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கஜபதி நடத்திய டி.டி.பி. கடையில் அவள்தான் டைப் அடிப்பவள். அங்கே இருந்தது ஒரே ஒரு விண்டோஸ் 95 பெட்டி. அதன் திரையைத் தவக்காலத்தில் ஊதாவாக்குவாள். கிறிஸ்துமஸுக்குத் திரையில் பனி பெய்யும். வேலப்பன்சாவடி காலேஜ் பையன்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு வந்து, யூனிக்ஸ் தவிர மற்றதெல்லாம் பொம்மை என்று அலட்டினால், அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் யூனிக்ஸ் மாதிரியே திரை கறுத்து, ஜன்னல்களுக்குத் தடித்த சாம்பல் விளிம்பு முளைத்திருக்கும். பையன்கள் மரியாதையாக உட்காருவார்கள். எந்தக் கட்சி வந்தாலும் அந்தத் துண்டைப் போட்டுக்கொள்ளும் கவுன்சிலர் மாதிரிதான் அந்தப் பெட்டி. உள்ளே அதே ஆள்.

கடை போர்டில் மட்டும் ஓர் ஆப்பிள் படம் இருந்தது. கடைக்குள் ஆப்பிள் கம்ப்யூட்டர் நுழைந்ததே இல்லை. அச்சு வேலைக்கு ஆப்பிள்தான் உசத்தி என்று ஊரில் பேச்சு; எதிர்க்கடைக்காரர் வரைந்தார், கஜபதியும் வரையச் சொன்னார்.

தொண்ணூற்றேழு மே மாதத்தில் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து அருள்தாஸ் போன் செய்தார். மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை ஆப்பிளில்தான் அடிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன், இன்றைக்கே வருகிறேன் என்றார்.

போனை வைத்த கஜபதி ஹில்டா பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா ஹில்டா, வேற ஆர்டரே இல்ல. இதுவும் எதிர்க்கடைக்குப் போச்சுன்னா பொட்டிய வித்துட்டு ஜெராக்ஸோட நிறுத்திக்குவேன். அப்பால நீ ஊட்ல குந்திகினு இன்னா பண்ணுவே?"

"நான் ஏன் சார் வீட்ல குந்தணும்? ஆப்பிள்தானே வேணும், வந்துடும்."

திரையின் அடியில் கிடந்த டாஸ்க்பார் பட்டையை மவுஸால் இழுத்து உச்சியில் மாட்டினாள். அதன் இடது மூலையில், ஸ்டார்ட் பொத்தான் இருந்த இடத்தில், குட்டியாக ஓர் ஆப்பிள். குப்பைத் தொட்டி வலது கோடிக்குப் போய்த் தகர டப்பாவாக நின்றது. மெனுவின் எழுத்துகூட ஜாதி மாறியது. கஜபதி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அருள்தாஸ் மனைவி ஞானம்மாளோடு வந்தார். ஃபேக்டரி டூல் ரூமில் வேலை பார்க்கும் கண். திரையை ஒரு தரம் பார்த்துத் தலையாட்டியது, அப்படியே மேஜைக்கு இறங்கியது.

"என் மச்சான் ஆபீஸ்ல ஆப்பிள் இருக்கு. மவுஸுக்கு ஒத்தைப் பொத்தான்தான். இதுல ரெண்டு இருக்கே?" என்றார் அருள்தாஸ்.

"சார், அது புது மாடல்..." என்று கஜபதி இழுத்தார்.

"வெறும் மேக்கப்தான், அங்கிள்," என்றாள் ஹில்டா. "உள்ள விண்டோஸ்தான். எழுத்தை அடுக்குறது நான். மூஞ்சி எதுவா இருந்தா என்ன?"

கஜபதிக்கு ஜெராக்ஸ் மெஷினில் அவசர வேலை வந்துவிட்டது.

அருள்தாஸ் எழுந்தே விட்டார். "உக்காருங்க அங்கிள், பாத்துட்டுப் போங்க," என்று ஹில்டா பத்திரிகையை அடித்து, ஆப்பிள் முகத்தோடு ஒரு பிரிண்ட் எடுத்தாள். பிறகு அவர் கண்ணெதிரே வேஷத்தைக் கலைத்து, விண்டோஸாகவே இன்னொன்று எடுத்தாள். எது எதில் வந்தது என்று சொல்லி இரண்டையும் நீட்டினாள்.

அவர் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆப்பிள்ல வந்ததுதான் கறுப்பு நல்லா பிடிச்சிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான் அங்கிள்!"

"மயிரிழையை அளக்குறவன்மா நான். எனக்குத் தெரியாதா?"

ஞானம்மாள் தாள்களைப் பிடுங்கினாள். "என்ன அளந்தீங்க? ஆப்பிள் எழுத்து ஊதிப்போய்க் கிடக்கு. விண்டோஸ்ல வந்தது எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"உனக்கென்னடி தெரியும் மெஷினைப் பத்தி?"

"உங்களையே வச்சு மேய்க்கிறேன், மெஷின் தெரியாதா?"

இரண்டும் ஒன்றுதான் என்று ஹில்டா இன்னும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள்.

கடைசியில் அருள்தாஸ் தீர்ப்புச் சொன்னார். "சரி. சம்பந்தி வீட்டுக்கு ஆப்பிள்ல அடிச்சிரு. நம்ம ஆளுங்களுக்கு விண்டோஸ் போதும்."

"போதுமா? என் அண்ணன் என்ன இளப்பமா? அவருக்கும் ஆப்பிள்தான்!" என்றாள் ஞானம்மாள்.

கஜபதி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "அப்போ ரெண்டு ஆர்டரா சார்?"

"ஆமா. ஒண்ணோட ஒண்ணு கலந்துடாம பாத்துக்கங்க," என்றார் அருள்தாஸ்.

"கலக்காது அங்கிள், நான் பாத்துக்கிறேன்," என்றபடி ஹில்டா பட்டையை மறுபடி திரையின் உச்சிக்கு இழுத்தாள்.