சங்குக்கு முன்னால் வரும் மாடு

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடியதும் வீட்டுச் செலவில் நான் முதலில் நிறுத்தியது பால். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பால்காரம்மா மாட்டையே ஓட்டிக்கொண்டு வருவாள். வாசலில் நிறுத்தி, நம் கண் முன்னாலேயே நம் சொம்பில் கறந்து தருவாள். வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் மாடு பழைய வழக்கப்படி எங்கள் வாசலில் நின்றுவிடும். அவள் கயிற்றை இழுப்பாள். என் ஒன்றரை வயது மகள் கதவைத் தட்டி அழுவாள். கேழ்வரகுக் கஞ்சி கொடுத்துச் சமாதானம் செய்வேன். அவள் கைகள் நாளுக்கு நாள் மெலிந்தன.

பிறகு சர்க்கார் கடன் கொடுத்துக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியதாகப் பேப்பரில் வந்தது. காலை வேலைக்குக் கூப்பிடும் கம்பெனிச் சங்கு மறுபடி ஊதியது. முதல் சம்பளத்தன்று தெருவே வஞ்சிரம் வறுத்தது. எதிர்வீட்டுக்காரி புதுச் சேலை கட்டி வந்து காட்டினாள். நானோ புளியும் பருப்பும் வாங்கிப் பானைகளில் அடைத்தேன். பாலை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கொடுத்துப் பழக்கிவிட்டு மறுபடி நிறுத்த நேர்ந்தால்? சர்க்கார் கொடுத்ததும் கடன்தானே, அது தீர்ந்துபோனால்?

"சர்க்காரே கை குடுத்துகீது, நீ இன்னாத்துக்கு இன்னும் பேஜாரு படறே?" என்றார் என் கணவர். "நாளைலேர்ந்து பால் வாங்கு."

சரி என்றேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. முன்பு கம்பெனி மூடியதுகூட, ஒரு காலையில் சங்கு ஊதாமல் போனதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாடு வருவதோ சங்குக்கு முன்னால். மறுநாள் பால்காரம்மாவிடம், சங்கு ஊதிய பிறகு வரச் சொன்னேன்.

"இன்னாம்மா, என் மாடு கம்பெனிலயா வேலை செய்யுது, சங்கு ஊதனா வர்றதுக்கு? மடி கனத்துப் போய் கத்திகினு கீது. சொம்ப வெக்கிறியா, அடுத்த வூட்டுக்குப் போவட்டா?"

எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். "உன் பொண்ணப் பாரு, கறக்கவே ஒக்காந்துட்டா!"

மகள் பித்தளைத் தம்ளரோடு மாட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். சொம்பை வைத்தேன். "அரை ஆழாக்கு போதும்" என்றேன். பால்காரம்மா கறக்கத் தொடங்கியதும், "ஆழாக்காகவே கறந்துடும்மா" என்றேன்.

பாலைக் காய்ச்சி ஆற்றினேன். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன். மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். சங்கு இன்னும் ஊதவில்லை. நேரமாகிவிட்டதோ? கடல் காற்றில் எனக்குத்தான் கேட்கவில்லையோ? ஊதாவிட்டால் இந்தப் பாலை என்ன கொட்டவா போகிறேன்?

தம்ளரை அவள் வாயில் வைத்தேன். அவள் பாதி குடித்திருந்தபோது சங்கு ஊதியது.

மறுநாள் விடிவதற்குள் சொம்பை வாசலில் வைத்துவிட்டேன். காது மட்டும் கம்பெனிப் பக்கமே இருந்தது.