தம்பி பெல்ட் மாற்றிய நாள்

எங்கள் தம்பி கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுமுறைகளுக்கும், டெல்லி துவாரகா குடியிருப்பில் எங்களோடு இருக்கிறவர்களுக்கும் மூத்தவளான நான் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டி எழுதியதைத் தம்பி மகளின் சிநேகிதி திருத்திக் கொடுத்தாள். சொன்னது எல்லாம் நான் சொன்னதுதான். வயதில் எனக்கு இளையவர் ஆனாலும் தம்பியை அவர் என்றே எழுதுகிறேன். போனவருக்கு அந்த மரியாதை உண்டு.

தம்பி பிறந்தது டெல்லி மோதி பாக்கில், அப்பாவுக்குக் கொடுத்த அரசாங்க வீட்டில். அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து மந்திரி அலுவலகம் ஒன்றில் கடைநிலை ஊழியராக இருந்தவர். அம்மா படுத்த படுக்கையானதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தது நான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்து, தோட்டத் துறை வேலையில் சேர்ந்தார். பூங்காக்களில் புல் வெட்டும் வண்டிகளை ஓட்டவும் பழுது பார்க்கவும் அங்கேதான் பழகினார். பேச்சு குறைவு. பொய் சொல்லத் தெரியாது. மனைவியைச் சீக்கிரமே பறிகொடுத்தார், ஒரே மகளை ஆளாக்கினார். நானும் புருஷனை இழந்தபின் என்னையும் கூட்டிவந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார்.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு காரியத்தைக் கண்ணால் பார்த்தார். கூட வேலை செய்தவர் வண்டிக்கு அடியில் கையை விட்டிருந்தபோது, தெரியாமல் வேறொருவர் சாவியைத் திருப்பிவிட்டார். அந்த மனுஷருக்கு விரல்கள் போயின. அன்றிலிருந்து தம்பி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வண்டிக்கு அடியில் போகுமுன் சாவியை எடுத்து நம்பிக்கையான ஆளிடம் கொடுப்பார். ஓய்வு பெற்று துவாரகா குடியிருப்பின் புல்வெளியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபின், அந்த ஆள் நான்.

"யக்கா, நானே வெளிய வந்து ரெண்டு கையையும் காட்டிக் கேட்டாத்தான் சாவி குடுக்கணும். வேற யாரு கேட்டாலும் குடுத்துராத. நான் உள்ள இருந்து கேட்டாலும் குடுக்காத" என்பார்.

"கலெக்டர் வந்து கேட்டா?"

"பிரதம மந்திரி வந்தாலும் குடுக்காத."

குடியிருப்பின் தோட்ட டிராக்டர் பழையது. ஏலத்தில் எடுத்தது. ஆள் மேலே உட்கார்ந்து ஓட்டுவது, வயிற்றுக்கடியில் புல் வெட்டும் தகடு. இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். அது தேய்ந்து, ஓரம் பிசிறி, உள்நூல் வெளியே தெரிந்தது. இன்ஜின் கத்தும், வண்டி நகராது, ரப்பர் கருகும் வாடை வரும். தம்பி கஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் தேடி அலைந்து புது பெல்ட் வாங்கி வைத்திருந்தார். மாற்றுமுன்னே, ஒரு மாசி மாதக் காலையில், புல்வெளியின் நட்டநடுவில் வண்டி நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் அதே புல்வெளியில் குடியிருப்புத் தலைவரின் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பந்தல்காரர்கள் லாரியோடு வாசலில் நின்றார்கள். தலைவரை எல்லோரும் பிரதான்ஜி என்போம். நல்ல மனுஷர். ஆனால் மகள் கல்யாணம் என்றால் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?

தள்ளலாம் என்றால் ஈரப் புல்லில் சக்கரம் புதைந்திருந்தது. தம்பி அங்கேயே மாற்றிவிடுவதாகச் சொன்னார். முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டை வைத்தார். பாட்டரி ஒயரைக் கழற்றப் பார்த்தார். அதன் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. அதனால் சாவி மட்டும்தான் காவல். அதை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, கீழே படுத்து உள்ளே போனார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதற்கு நடுவில் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதை இழுத்து வைத்திருப்பது பலமான ஸ்ப்ரிங். ஸ்ப்ரிங்கைக் கம்பிக் கொக்கியால் விலக்கிவிட்டுத்தான் பெல்ட்டை ஏற்ற வேண்டும். பழையதை எடுத்துவிட்டார். புதியதை ஏற்றும்போது கொக்கி வழுக்கிவிட்டது. டப்பென்று ஒரு சத்தம். பிறகு தம்பியின் குரல். அந்த மாதிரி அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. புது பெல்ட் இறுகி, இன்ஜின் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வலது கை விரல்கள் மாட்டிக்கொண்டன.

பிரதான்ஜி ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மாதாஜி, சாபி! ஜல்தி!" என்று சாவியைச் சீக்கிரம் தரச் சொல்லிக் கை நீட்டினார். இன்ஜினை ஒரே ஒரு சுற்று சுற்றவிட்டால் பெல்ட் ஓடி விரலை வெளியே தள்ளிவிடும் என்பது அவர் எண்ணம்.

"நை தேகா, சாஹப்", தர மாட்டேன் என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

"பாகல் ஹோ க்யா? பைத்தியமா உங்களுக்கு? உங்க தம்பி துடிக்கிறார்!" என்றார் அவர் இந்தியில்.

தம்பி மகள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். "அத்தை, ப்ளீஸ், குடுத்துருங்க! அப்பா கை அத்தை!" என்று என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பந்தல்காரர்கள் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள். உள்ளேயிருந்து தம்பியின் முனகல் மட்டும். பேச்சு வரவில்லை. பேச்சு வந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். எனக்கு அந்த இயந்திரத்தின் சூட்சுமம் ஒன்றும் தெரியாது. சாவியைத் திருப்பினால் விரல் வெளியே வருமோ, உள்ளே போகுமோ, சத்தியமாகத் தெரியாது. தம்பி சொன்ன வார்த்தை மட்டும் தெரியும்.

பிரதான்ஜி காவல்காரரைப் பார்த்து, அலுவலகத்தில் இருக்கும் மாற்றுச் சாவியை எடுத்து வரச் சொன்னார். காவல்காரர் ஓடினார். முட்டி வலியோடு எழுந்து, வண்டியின் சாவித் துவாரத்தை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். காவல்காரர் சாவியோடு வந்து நின்றார். பிரதான்ஜி அதை வாங்கினார்.

"எங்கைய வெட்டி எடுத்துட்டு அப்புறம் சாவியப் போடு!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரிந்தது. அவர் கை அப்படியே நின்றது.

அந்த அமைதியில்தான் தம்பியின் குரல் வந்தது. "யக்கா... குடுத்துராத... திருப்புனா வெரல் உள்ள போயிரும்."

மகள் அதை இந்தியில் சொன்னாள். பிரதான்ஜி சாவியைத் தூர எறிந்தார். தம்பி மூச்சு வாங்கி வாங்கி, காவல்காரரை இந்தியில் அண்ணா என்று கூப்பிட்டு, மறுபக்கமாகப் படுத்து உள்ளே வரச் சொன்னார். "பையா, ஸ்ப்ரிங்... கொக்கிய மாட்டு... உன் பக்கம் இழு... தீரே, மெதுவா... இன்னும்..." கொக்கி ஒருமுறை நழுவியது. தம்பி பல்லைக் கடித்த சத்தம் எங்களுக்கே கேட்டது. பிரதான்ஜியும், கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையோடு, சேற்றில் படுத்து ஒரு கை கொடுத்தார். ஸ்ப்ரிங் விலகியது. பெல்ட் தளர்ந்தது.

தம்பி வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தார். வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார். "சாவி குடு, யக்கா."

"ஒரு கைதாம்லே தெரியுது" என்றேன்.

அந்த வலியிலும் சிரித்துவிட்டார். துண்டை விலக்கிக் காட்டினார். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. ஒன்றும் குறையவில்லை. சாவியைக் கொடுத்தேன். மீதி வேலையை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, காவல்காரர் முடித்தார். வண்டி நகர்ந்தது, பந்தல் எழும்பியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார்கள். ஒரு நகம் மட்டும் விழுந்து, பிறகு முளைத்தது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் தம்பிக்கு நெஞ்சு பலவீனமாகிவிட்டது. அதிக நாள் படுக்கவில்லை.

அந்த நாட்களில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாடையின் முன்பக்கத்தில் தோள் கொடுத்த பிரதான்ஜிக்கு நன்றி. கொக்கியைப் பிடித்த காவல்கார பையாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவருக்கு நேரில் சொல்லிவிட்டேன். கரோல் பாக்கிலிருந்து தினமும் சாப்பாடு கொண்டுவந்த சித்தப்பா வீட்டாருக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் பிள்ளைக்கு, அவள் கும்பிடும் ஏசு நல்லது செய்யட்டும். கடைசி நாள் மத்தியானம் நான் தயிர்ச்சாதம் பிசைந்து கொண்டுபோயிருந்தேன். தம்பி சோர்ந்து கிடப்பதைப் பார்த்து அந்தப் பிள்ளை கரண்டியோடு ஊட்ட வந்தாள். தம்பி தலையை அசைத்துவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. கை இருக்குல்லா."